ஈரப்பஞ்சு

மூன்றாவது முறையாக எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார் கார்டு.

"மாப்பிள்ளை, உங்களுக்கே இது நல்லா இருக்கா?" என்றார் மச்சான். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. "ஆளாளுக்கு வெந்துக்கிட்டு இருக்கோம். துக்கம் கேக்க வர்றவங்க உக்கார வேண்டாமா?"

"காத்து பட்டா காஞ்சிடும்."

"எது காஞ்சிடும்?"

"கண்ணு."

மச்சான் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவள் அவருக்குக் கூடப்பிறந்த தங்கை. கார்டுக்கு மனைவி. விடிந்து, வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நின்றிருந்தது. பல மாதமாக இரத்தப் புற்றுநோய். எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் வலிக்காது என்று எவன் சொன்னானோ, அவனைக் கொண்டுவந்து இந்த அறையில் உட்கார வைக்க வேண்டும்.

கார்டு மறுபடி கட்டில் பக்கத்து நாற்காலிக்குப் போனார். அவள் தலைக்குக் கீழே இரண்டு தலையணை. மூடிய இமைகள் மேல் கண்ணுக்கொன்றாக ஈரப்பஞ்சு. முக்காலியில் ஒரு கிண்ணம் நிறையக் கொதித்து ஆறிய தண்ணீர். பஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். காய ஆரம்பித்திருந்தால் எடுத்து நனைத்து, லேசாகப் பிழிந்து, மறுபடி வைப்பார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கண் வங்கிக்கு மகள் ஃபோன் செய்துவிட்டாள். ஆள் வரும்வரை ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை வருஷம் அவளோடு குப்பை கொட்டியதில் அவர் காதில் விழாத பாடமா?

அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிலும் உறவிலும் அவருக்கு அதுதான் பெயர். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். கேலியோ கோபமோ வந்தால் மட்டும் 'கார்டு சார்' ஆகிவிடும். அவர் அவளை 'விஞ்ஞானி' என்பார். வாசல் பலகையில் அவள் பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, குடிவந்த புதிதில் அக்கம்பக்கத்தார் சளி, சுளுக்கு, வயிற்றுவலி என்று வரிசையாக வந்து நின்றார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒருவரை உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினாள். அவருக்குச் சரியாகித் தொலைத்துவிட்டது. அதற்கப்புறம் கூட்டம் இரண்டு மடங்கானது.

காலையில் கார்டு ஒரு தப்பு செய்திருந்தார். அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சு நின்றபோது கண்ணோரத்தில் கொஞ்சம் நீர் நின்றது. யோசிக்காமல் கைக்குட்டையை எடுத்து, இமையைக்கூட லேசாக விலக்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, ஈரத்தைப் போய் எடுத்துவிட்டோமே!

அது பழைய பழக்கம். அவளுடைய உத்தியோகத்தின் முதல் பாதி முழுக்க ஈரத்தோடு சண்டைதான். அப்போது அவள் நியூக்ளிக் அமில வேதியியலில் இருந்தாள். உயிருள்ள எதற்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீளச் சங்கிலி இருக்கிறதல்லவா, அதன் சின்னச் சின்னத் துண்டுகளைச் சோதனைச்சாலையில் கோத்து எடுக்கிற வேலை. "அப்படி என்னதான் பண்றே நீ?" என்று கல்யாணமான புதிதில் கேட்டவருக்கு, அவள் அவர் பாஷையிலேயே சொன்னாள்.

"உங்க யார்டுல ரயில் பெட்டி கோக்கறாங்கல்ல, அதேதான். நாலே நாலு வகைப் பெட்டி. நான் நினைச்ச வரிசையில ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா கோக்கணும். எங்கயாவது கொக்கி மாட்டலைன்னா, அந்த இடத்துலயே ஒரு மூடி போட்டு நிறுத்திடணும். இல்லன்னா தப்பான வண்டி ஓட ஆரம்பிச்சுடும்."

"கொக்கி ஏன் மாட்டாம போகுது?"

"தண்ணி. ஒரு துளி ஈரம் உள்ள போனாப் போதும், அன்னிக்கு வண்டி கிளம்பாது."

அதனால் மழைநாளில் அவர் குடையோடு சோதனைச்சாலைப் பக்கம் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கையைத் துடைங்க, காலைத் துடைங்க, மீசையையும் துடைங்க. வீட்டிலும் கழுவிய தட்டை இரண்டு தரம் துடைத்துத்தான் அடுக்குவார்கள். எங்கே ஈரம் கண்டாலும் கை தானாகத் துணியைத் தேடும்.

பிறகு ஒருநாள் கண் மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர், ஏதோ ஒரு செல்லை அடையாளம் காண அவளிடம் டி.என்.ஏ. துண்டு ஒன்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவள், அங்கே வராந்தாவில் சுண்ணாம்பு தெறித்துக் கண் வெந்துபோன ஒரு கொத்தனாரைப் பார்த்தாள். கண்ணில் கறுப்பும் வெள்ளையும் சேருகிற ஓரத்தில்தான் கருவிழியைப் புதுப்பிக்கும் செல்கள் குடியிருக்கின்றன. அந்த ஓரம் வெந்துவிட்டால் அடுத்தவர் கருவிழியைக் கொண்டுவந்து தைத்தாலும் நிற்காது. நல்ல செல்லைத் தட்டில் வளர்த்து, மெல்லிய தோலாக்கி, வெந்த கண் மேல் போர்த்த முடியுமா என்று அங்கே யாரோ தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டு வரப் போனவள் அதற்கப்புறம் திரும்பியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தாள். கூட இருந்தவர்கள் புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டார்கள். இந்தப் பாதியில் எல்லாமே தலைகீழ். ஈரம் போனால் செல் செத்துவிடும். "காஞ்சிடப் போகுது, காஞ்சிடப் போகுது" என்று தூக்கத்தில்கூட உளறுவாள்.

அவள் மாறிவிட்டாள். கார்டின் கைதான் இன்று காலை பார்த்துப் பழைய பாதிக்குப் போய்விட்டது.

அவர் பஞ்சை நனைத்தார், வைத்தார், நனைத்தார். புழுக்கத்தில் கண் சொக்கியது. தண்டவாளம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. கடைசிப் பெட்டியில், அவருடைய இரும்புப் பெட்டி மேல் அவள் உட்கார்ந்திருந்தாள், இடுப்போடு ஒரு சின்னப் பொட்டலத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு. இது நிஜமாகவே நடந்ததுதான். ஒருமுறை சோதனைச்சாலையில் மின்சாரம் போய், செல் வளர்க்கிற சூட்டுப்பெட்டி குளிர ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தட்டுகளைக் கொண்டுபோக வேறு வண்டியில்லை. அவருடைய வண்டியில் ஏறிவிட்டாள். "உடம்புச் சூடுதாங்க வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்று வயிற்றோடு அணைத்தபடி வழியெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "இது யாரோட கண்ணு?" என்று கேட்டார். "இப்போ யாரோடதும் இல்ல" என்றாள்.

ஆனால் இப்போது ஓடிய வண்டி எங்கும் நிற்கவில்லை. பெயர்ப்பலகை இல்லாத நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு மேடையிலும் ஜனங்கள் சத்தமில்லாமல் நின்று அவரையே பார்த்தார்கள். எல்லோர் கண்ணும் ஈரமாக இருந்தது. அவர் பச்சைக் கொடியை ஆட்ட மறந்து நின்றார்.

"அப்பா, தூங்கிட்டீங்களா? தண்ணி சொட்டுது பாருங்க" என்று மகள் வந்து கிண்ணத்தை நேராக வைத்தாள்.

அந்த மேடைகளை அவருக்குத் தெரியும். இந்த நோய்க் காலம் முழுக்க அவர் மனசுக்குள் அங்கேதான் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். அவள் கண் யாரோ ஒருவருக்குப் போகும். ஒருநாள் ஏதோ ஒரு நிலையத்தில், நகர்கிற ரயிலின் ஜன்னலோரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். ஒரே ஒரு பார்வை. அது போதும் அவருக்கு, மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவார். ஒரு சாயங்காலம் வெட்கத்தை விட்டு விஞ்ஞானியிடமே சொன்னார்.

அவள் இருமல் வரும்வரை சிரித்தாள். "கார்டு சார், கருவிழிங்கறது வெறும் ஜன்னல் கண்ணாடிதான். பாக்கறது அவங்க."

"கண்ணாடி உன்னோடதுல்ல?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைத்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அதற்கப்புறம் தினமும் அவளாகவே கேட்பாள், "இன்னிக்கு வந்தாங்களா உங்க ஜன்னல் சீட்டு அம்மா?" என்று. அவரும் விடாமல் சொல்வார்: இன்று நீலப் புடவை, இன்று மடியில் குழந்தை, இன்று கையை ஆட்டினாள். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள்.

"அப்பா, கண் வங்கிலேர்ந்து வந்துட்டாங்க." மகள் தயங்கினாள். "ஆனா உள்ள வர மாட்டேங்கறாங்க."

வாசல்படிக்கு வெளியே பெட்டிக்காரி நின்றிருந்தாள். குளிர்ப்பெட்டி இல்லாமல் அவளைப் பார்த்ததேயில்லை என்று விஞ்ஞானி வைத்த பெயர் அது. கண் வங்கியிலும் சோதனைச்சாலையிலுமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் விஞ்ஞானியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவள். முகம் அழுது வீங்கியிருந்தது. தெருவோரம் அவளுடைய வேன்.

"என்னம்மா வெளியவே நிக்கறே? வா, நேரமாகுது."

"இருங்க சார். படி ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடணும். மேடம் வெச்ச சட்டம்."

அந்தச் சட்டமும் அவருக்குத் தெரிந்ததுதான். கண் கேட்டுப் போகிற வீட்டில், எதற்காக எடுக்கிறோம் என்கிற உண்மையைப் படிக்கு வெளியே நின்று, பெட்டியைக் கீழே வைக்காமல் சொல்லிவிட வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழாது, அப்படி எடுத்தால் அது பிடுங்கியதுதான் என்பாள் விஞ்ஞானி. சரி, அந்தச் சட்டம் ஊராருக்கு. இங்கே என்ன புதிதாகச் சொல்ல இருக்கிறது?

பெட்டிக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரத்தப் புத்து இருந்தவங்க கண்ணை இன்னொருத்தருக்கு வைக்கக் கூடாது சார். எடுத்தா எங்க லேபுக்குத்தான் போகும். அந்த ஓரத்துச் செல்லைத் தட்டுல வளர்த்துப் பாப்போம். வளரலாம், வளராமலும் போகலாம். இந்தக் கண்ணால யாருக்கும் பார்வை வராது."

கார்டுக்கு முதலில் புரியவில்லை. "ஒரு கண்ணாவது?"

"இல்ல சார்."

"அவளுக்கு இது..."

"தெரியும் சார். நோய் பேரு தெரிஞ்ச அன்னிக்கே எங்ககிட்ட வந்து சொல்லிட்டாங்க. 'என் கண்ணு இனிமே லேபுக்குத்தான் ஆகும், தயாரா இருங்க'ன்னு."

"எங்கிட்ட சொல்லலையே."

பெட்டிக்காரி பெட்டியின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தாள். "'அவர்கிட்ட நீ சொல்லிடு, எனக்கு வாய் வரலை'ன்னாங்க சார்."

பின்னால் நின்ற மச்சானுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப சும்மா தட்டுல போட்டுக் கிண்டிப் பாக்கறதுக்கா? யாருக்கும் பிரயோஜனமில்லாம எதுக்கும்மா எந்தங்கச்சி கண்ணுல கத்தி வைக்கணும்? நல்லா இருக்கே கதை!"

கார்டுக்கு மச்சான் பேச்சு காதில் ஏறவில்லை. நீலப் புடவை, மடியில் குழந்தை, ஆட்டிய கை எல்லாம் கண்முன்னே வரிசையாகப் போயின. அத்தனையையும் கேட்டுக்கொண்டு, அப்படி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே, கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள். அவருக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

"வேண்டாம்மா," என்றார். "நீ போ."

மறுத்தால் மறுபேச்சு பேசக் கூடாது, அதுவும் சட்டம். பெட்டிக்காரி, "சரிங்க சார்" என்றாள். அவர் தோளுக்கு மேலாக ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாடு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வேனுக்கு நடந்தாள்.

மச்சான் விடுவிடென்று உள்ளே போய் மின்விசிறியைப் போட்டார். "இனிமே எதுக்குப் புழுங்கிச் சாகணும்?" ஜன்னலையும் திறந்துவிட்டார். அறைக்குள் காற்று வந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

கார்டு நாற்காலியில் சரிந்தார். "ஏமாத்திட்டியே விஞ்ஞானி," என்றார், வாய்விட்டே. மகள் அவர் தோளைத் தொட்டாள். கட்டிலில் கிடந்தவள் நெற்றியில் மிச்சமிருந்த கொஞ்ச முடி காற்றில் அலைந்தது. பஞ்சின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. அவர் அதை எடுத்தார், கிண்ணத்தில் நனைத்தார், பிழிந்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

அப்போதுதான் தன் கை என்ன செய்கிறது என்று பார்த்தார்.

"மச்சான், அதை அணைங்க."

"அதான் வேண்டாம்னு அனுப்பிட்டீங்களே?"

"அணைங்கன்னா அணைங்க!"

முன்பொரு சாயங்காலம் விஞ்ஞானி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி காலியாக இருந்தது. கண் கேட்டுப் போன வீட்டில், யாருக்காவது பார்வை வருமென்றால் தருகிறோம் என்றார்களாம். இவள் வராது என்றாளாம். கதவைச் சாத்திவிட்டார்களாம். "வரும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்க" என்றாள்.

"சொல்லித்தான் தொலைச்சிருக்கலாமே?" என்றார் கார்டு அன்றைக்கு.

"வாய் வரலைங்க." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வீடு இதே கதைதான். நல்ல கண்ணெல்லாம் நேரா ஆளுக்குப் போயிடும், போகட்டும், அதான் நியாயம். யாருக்கும் ஆகாத கண்ணுதான் எங்களுக்கு. அதையும் தர மனசு வர மாட்டேங்குது. அது இல்லாம நான் எதைப் போட்டுக் கத்துக்குவேன்? அந்தக் கொத்தனாருக்கு என்னத்தப் போர்த்துவேன்?"

ஊர் பேர் தெரியாதவர்களிடம், இழவு வீட்டில் நின்றுகொண்டு, தனக்கு வேண்டியது கைநழுவிப் போகும்போதுகூட அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வரவில்லை. அவருக்காக ஒருத்தியை ரயிலில் ஏற்றி, ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, தினமும் நலம் விசாரித்திருக்கிறாள். இப்போது பெட்டிக்காரி காலிப் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருக்கிறாள், அவருடைய வீட்டு வாசலிலிருந்து. கதவைச் சாத்தியது அவர்தான்.

கார்டு எழுந்து ஓடினார். இடுப்பு வலிக்காரர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மகள் பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள். வேன் தெருமுனையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். கையில் கொடியோ விளக்கோ இல்லாத நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லும் சைகை அது. எத்தனையோ வருஷம் எத்தனையோ வண்டிகள் அதற்கு நின்றிருக்கின்றன. ஒரு கையில் பஞ்சு இருந்தது. பிழியாத தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் ஓடியது.

பெட்டிக்காரிக்கு ரயில் சட்டமெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு வயசானவர் நடுத்தெருவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணாடியில் தெரிந்தால் யாரும் வண்டியை நிறுத்தத்தான் செய்வார்கள். வேன் நின்றது.

பெட்டியோடு திரும்பி வந்தவள் பழையபடி படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வாம்மா," என்றார் கார்டு மூச்சு வாங்கியபடி. "எல்லாம் கேட்டாச்சு. தெரிஞ்சுதான் குடுக்கறேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறினாள். அறைக்குள் மச்சான் அதற்குள் ஜன்னலைச் சாத்தியிருந்தார். மின்விசிறி நின்றிருந்தது. "என்னவோ பண்ணுங்க," என்று முணுமுணுத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கிக்கொண்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவர் துடைக்கவில்லை.

"ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா," என்றார் கார்டு. "காலைல அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. தெரியாம துடைச்சுட்டேன். சுத்தமா."

பெட்டிக்காரி கையுறை மாட்டி, பஞ்சை எடுத்து, இமையை விலக்கி, சின்ன விளக்கை அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணையும் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், "பளபளன்னு இருக்கு சார். லேபுல நாங்ககூட இவ்ளோ ஈரமா வெச்சுக்க மாட்டோம். ஒண்ணும் ஆகலை."

கார்டு தலையை ஆட்டினார். அவளோ விளக்கைப் பிடித்தபடியே அழத் தொடங்கிவிட்டாள். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் பழைய கையுறையைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொண்டாள். "நடுங்கற கையோட தொட்டா மேடம் எழுந்து உக்காந்து திட்டுவாங்க," என்றாள். மற்ற எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

திறந்தபோது விஞ்ஞானியின் முகம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இமைகள் மூடியிருந்தன. மச்சான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே. தூங்கற மாதிரிதானே இருக்கா," என்றார். காலையிலிருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த மனுஷன், அங்கேயே தரையில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுதார். சாயங்காலம் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். ஊருக்குப் போவதாகத் தினமும் சொல்லிக்கொண்டே மச்சான் போகாமல் இருந்தார். அங்கே அவருக்காகக் காத்திருக்க ஆளில்லை, இங்கே கார்டைத் தனியே விட மனசில்லை. பகலெல்லாம் மச்சான் அவள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். அந்த அறை ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. மின்விசிறியைக் கார்டு போடவில்லை. சுவிட்சுக்கு நேரே நின்றால் கை வரமாட்டேன் என்றது. ஏன் என்று மச்சான் கேட்கவில்லை, தானும் போடவில்லை. துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் பெட்டிக்காரி ஃபோன் செய்தாள். "கண் குடுத்த வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டறது வழக்கமில்ல சார். மேடம் இருந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. ஆனா வாங்க."

சோதனைச்சாலை வாசலில் கார்டு நின்று, காலை நன்றாகத் துடைத்தார். கையைத் துடைத்தார். மீசையைத் துடைத்தார். பெட்டிக்காரி சிரித்துவிட்டாள். "அது பழைய லேபு சார். இது ஈர லேபு." அவருக்கு நீல அங்கி மாட்டி, தலைக்கு உறை போட்டு, உள்ளே அழைத்துப்போனாள். சுவரோரத்தில் அலமாரி மாதிரி ஒரு சூட்டுப்பெட்டி. அதிலிருந்து மூடிபோட்ட ஒரு சின்னத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துவந்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள்.

கார்டு குனிந்து பார்த்தார். கறுப்பாகக் குச்சி குச்சியாய் ஏதோ அசைந்தது. "புல்லு மாதிரி இருக்கே. இதுவா?"

"அது உங்க இமை முடி சார். கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க."

தள்ளினார். வெளிச்சம் விரிந்தது. அதன் நடுவில் மங்கலாக ஒரு துணுக்கு. அதன் ஓரத்திலிருந்து, தரையில் பதித்த சில்லுக்கல் மாதிரி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணாடியாய், சின்னச் சின்னதாய்ச் செல்கள் பரவியிருந்தன. நிறைய இருந்தன.

"கீழ விரிச்சிருக்கறது பிரசவத்துல குழந்தையோட வெளிய வர்ற பையோட தோலு. அது மேலதான் இவங்களுக்குப் பிடிக்கும்," என்றாள் பெட்டிக்காரி. "நேத்து பாதி தூரம்தான் வந்திருந்தாங்க. இன்னிக்கு ஓரம் வரைக்கும் வந்துட்டாங்க. நான் பாத்த தட்டுலேயே இதுதான் வேகம். மேடம் எதுக்கும் காத்திருக்க மாட்டாங்கல்ல."

"எங்க போறாங்க?"

"இடம் இருக்கற பக்கமா சார்."

அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். எதுவும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எல்லாம் கலங்கலானது. நுண்ணோக்கியின் கண்ணாடி நனைந்துவிட்டிருந்தது. பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தார்.

"இருக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்."

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் தட்டைத் திரும்ப எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார், "காஞ்சிடாதே?"

"காய விட மாட்டோம் சார். நாள் தவறாம வந்து பாப்பேன்."

சூட்டுப்பெட்டிக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அவர் வீடு திரும்பியபோது உச்சி வெயில். அவள் அறையில் நாற்காலியிலேயே சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. துண்டு நழுவித் தரையில் கிடந்தது. முக்காலியில் கிண்ணம் இன்னும் இருந்தது. தண்ணீர் என்றோ வற்றிப்போய், பஞ்சு அடியில் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தது. கார்டு துண்டை எடுத்து மச்சான் தோளில் போட்டார். ஜன்னலைத் திறந்தார். சுவருக்குப் போய் சுவிட்சைத் தட்டினார்.

மின்விசிறி முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு வேகம் பிடித்தது.

"அப்பாடா," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே.